ஆறு கிலோவில் அன்னபூர்ணா

என் முதுகுப்பை ஆறு கிலோகூட இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், எதிர்வீட்டு அக்கா, பல் டாக்டர் என்று அகப்பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பேரன் பிறந்த பாட்டிகூட இப்படித் தம்பட்டம் அடிக்கமாட்டாள் என்று வீட்டில் கேலி. செய்துகொள்ளட்டும். நேபாளத்தில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரங் லா கணவாயை அந்தப் பையோடு ஏறி, அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டே இறங்கியவளுக்குத்தானே அதன் அருமை தெரியும்!

நான் போனது அன்னபூர்ணா சுற்றுப்பாதை. 760 மீட்டரில் இருக்கும் பெசிசகரில் தொடங்கி, மர்ஸ்யாங்டி ஆற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போகிற வழி. முதலில் நெல் வயல், அப்புறம் பைன் காடு, அப்புறம் புல்லும் கல்லும், கடைசியில் பனி. மனாங் என்ற ஊர் 3,540 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேல் யாக் கர்கா, தோரங் பேடி, பிறகு கணவாய். கணவாயைத் தாண்டி ஒரே நாளில் 1,600 மீட்டருக்கு மேல் இறங்கினால் முக்திநாத். நம் வைணவர்களுக்கு அது 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம். தமிழ்நாட்டிலிருந்து சேவிக்கப் போகிறவர்கள் ஜோம்சோம் வழியாக விமானத்திலோ ஜீப்பிலோ போவதுதான் வழக்கம். நான் மலைக்குப் பின்பக்கமாக நடந்து போய்ச் சேர்ந்தேன்.

இந்த வழியில் உயரம் மட்டும் சவால் இல்லை. கீழே வேர்த்து ஊற்றும். மேலே, கணவாய் ஏறும் விடியற்காலையில் பாட்டில் தண்ணீர் உறைந்து போகும். இரண்டுக்கும் துணி வேண்டும், மருந்து வேண்டும், வெளிச்சம் வேண்டும். இந்தக் கவலையில்தான் பலர் பதினான்கு, பதினைந்து கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். இத்தனைக்கும் டீஹவுஸ் என்ற சிறு விடுதிகள் வழிநெடுக உண்டு. கட்டில், மெத்தை, கனத்த போர்வை, பருப்பும் சோறும் கிடைக்கும். கூடாரமும் அடுப்பும் தூக்க வேண்டியதே இல்லை. அப்படியிருந்தும் அந்தப் பைகள் வாய் மூடமாட்டாமல் பிதுங்கிக்கொண்டிருக்கும்.

பாரம் குறைந்தால் ஆபத்து கூடுமா?

“இவ்வளவு கொஞ்சமாகக் கொண்டுபோனால் ஆபத்தில்லையா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். பதில் அப்படியே நேர்மாறு என்பதுதான் காரணம். கனமில்லாத பைதான் மலையில் முதல் பாதுகாப்பு.

தோரங் பேடிக்கு முன்னால் மண்சரிவுப் பகுதி ஒன்று இருக்கிறது. ஓரடி அகலத்துக்குத் தடம், இடது பக்கம் மேலிருந்து உருளும் கல், வலது பக்கம் கீழே ஆறு. அங்கே ஒரு கால் வழுக்கினால் பாரமான பை நம்மை அதன் போக்குக்கு இழுத்துவிடும். கனமில்லாத பை என்றால் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிச் சமாளித்துவிடலாம். உயரத்தில் மூச்சுக்கு ஆகும் செலவும் பாரத்தைப் பொறுத்ததுதான். சீக்கிரம் களைத்தால் நடை தாமதமாகும். நடை தாமதமானால் கணவாயில் காற்று கிளம்பும் நேரத்துக்கு நாம் நடுவழியில் நிற்போம். களைத்த மூளை தப்பான முடிவும் எடுக்கும். இறக்கத்தில் முழங்கால் படும் பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

அமெரிக்காவில் ரே ஜார்டின் என்று ஒருவர். விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்தவர், பெரிய பாறையேறி. பாறைப் பிளவுக்குள் செருகினால் விரிந்து இறுகிக்கொள்ளும் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற கருவியைக் கண்டுபிடித்தவர் அவர்தான். 1970களின் கடைசியில் அது விற்பனைக்கு வந்தது. விழுகிற பாறையேறியைத் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அதே மனிதர் 1990களில் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்ற நெடும்பாதைக்குக் கையேடு எழுதி, நாலு கிலோ சுமாரான பையோடு மாதக்கணக்கில் நடக்கலாம் என்று காட்டினார். உயிர் காக்கும் கருவியைச் செய்தவரே பாரத்தைக் குறைக்கவும் கற்றுக்கொடுத்தார் என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கும். எது தாங்குகிறது, எது சும்மா தொங்குகிறது என்று பார்க்கிற அதே கண்தானே இரண்டுக்கும் வேண்டும்!

தண்ணீர், தின்பண்டம், எரிபொருள் நீங்கலாகப் பையில் இருப்பதன் எடையை ‘பேஸ் வெயிட்’ என்கிறார்கள். இருபது பவுண்டுக்குள், அதாவது ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் ‘லைட்வெயிட்’. பத்து பவுண்டுக்குள், நாலரைக் கிலோவுக்குள் போனால் ‘அல்ட்ராலைட்’. நான் இரண்டுக்கும் நடுவில், ஆறு கிலோவுக்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டேன். தெரிந்தேதான் நின்றேன். அல்ட்ராலைட்காரர்களுக்கும் எனக்கும் இருக்கும் அந்த ஒன்றரைக் கிலோ வித்தியாசத்தில்தான் என் உயிர்ச் சாமான்கள் இருக்கின்றன.

தராசு தரும் போதை

எல்லாவற்றையும் ஹால் தரையில் பரப்பி, சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, நோட்டில் எழுத வேண்டும். இதில் ஒரு போதை இருக்கிறது. ஜீன்ஸ் பேண்ட் ஒன்று முக்கால் கிலோ கிட்ட வரும். குளியல் டவல் அரைக் கிலோ. அதை எடுத்துவிட்டு நம் ஊர் ஈரிழைத் துண்டை வைத்தேன், 120 கிராம்! துவட்டலாம், தலையில் கட்டலாம், வெயிலுக்குக் கழுத்தில் போடலாம், பையின் வெளியே தொங்கவிட்டால் நடக்க நடக்கவே காய்ந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மைக்ரோஃபைபர் டவலைக் காட்டியபோது நான் என் துண்டை எடுத்து உதறிக் காட்டினேன். ஒரு டச்சுக்காரப் பெண் விலை கேட்டாள். சொன்னேன். அவள் நம்பவில்லை.

கிராம் கணக்கில் சுகம் இருந்தாலும், எடை உண்மையில் விழுவது மூன்று இடங்களில்தான். பை, தூங்கும் சாமான், துணி.

காலியாகவே இரண்டு கிலோ இருக்கும் பைகள் உண்டு. என்னுடையது 40 லிட்டர், 950 கிராம். பை பெரிதாக இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். அதனால் சாமானை முதலில் ஒதுக்கிவிட்டு, அது கொள்ளும் அளவுக்குப் பை வாங்குங்கள். இடுப்புப் பட்டை மட்டும் நன்றாக இருக்க வேண்டும். பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக் இறகு வைத்தது, 950 கிராம். வாங்கும்போது அட்டையில் இரண்டு டிகிரி எண்கள் இருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘லிமிட்’ என்பது சுருண்டு படுத்துச் சமாளிக்கிற அளவு. அதை நம்பி வாங்கினால் ராத்திரி முழுக்கப் பல் கிட்டும். டீஹவுஸ் போர்வையை மேலே போட்டுக்கொள்ளலாம் என்பதால் ஜீரோ டிகிரி கம்ஃபர்ட் எனக்குப் போதுமாக இருந்தது. கூடாரத்தில் தூங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

துணிக்கு ஒரே விதி. நடக்க ஒன்று, தூங்க ஒன்று. நடக்கும் துணி நனையலாம், அழுக்காகலாம். தூங்கும் துணி எந்தக் காரணத்தைக் கொண்டும் நனையக் கூடாது. உடம்போடு ஒட்டி ஒரு சட்டை, அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் 300 கிராம் இறகு ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் மழைச்சட்டை. குளிருக்குத் தகுந்தபடி ஒவ்வொன்றாகப் போடுவதும் கழற்றுவதும்தான் வித்தை. ஒரே கனத்த கோட்டை எடுத்துப் போனால் போட்டால் வேர்க்கும், கழற்றினால் நடுங்கும். பருத்தித் துணிக்கு உடம்போடு ஒட்டும் அடுக்கில் இடமே இல்லை. வேர்வையில் நனைந்தால் காயாது, காயாத துணி உயரத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். என் ஈரிழைத் துண்டு துடைக்க மட்டும்தான்.

அம்மா வந்து பார்த்துவிட்டு முகவாயில் கை வைத்தாள்.

“ஏன் கண்ணு, இத்தனை நாளைக்கு ரெண்டே ரெண்டு துணியா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

“அங்க என்னையப் பாக்கறது யாக்கு மாடுதாம்மா.”

“மாடுன்னா மட்டும் மூக்கில்லையா?”

நியாயமான கேள்விதான். மெரினோ கம்பளிச் சட்டை அதற்கும் பதில் வைத்திருக்கிறது. நாள்கணக்கில் போட்டாலும் அவ்வளவாக நாற்றம் பிடிக்காது. பெண்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நாப்கின் பாக்கெட்டுகளுக்குப் பதில் இருபது கிராம் சொச்சத்தில் ஒரு மென்ஸ்ட்ருவல் கப். எடையும் இல்லை, மலையில் குப்பையும் இல்லை. வீட்டில் இரண்டு மூன்று மாதம் பழகிக்கொண்டு போனால் போதும்.

செருப்பு, ஷூ விஷயத்தில் மலையேறிகளிடம் ஒரு வழக்கு உண்டு. காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பார்கள். கனத்த பூட்ஸ் வேண்டாம் என்று பிடிப்புள்ள டிரெயில் ஷூவில்தான் போனேன். பனி ஆழமாக இருக்கும் பருவம் என்றால் பூட்ஸ்தான் சரி.

இதெல்லாம் பணக்காரர் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1955இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி, 67 வயதில், பதினோரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு, அப்பலாச்சியன் டிரெயிலின் மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிப்பை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறையில் தொங்கும் பிளாஸ்டிக் திரை. அவ்வளவுதான் அவர் கொண்டுபோனது. ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருடம் அவர் வேறு முனையிலிருந்து கிளம்பிக் காட்டில் வழி தவறி, கண்ணாடியும் உடைந்து, திரும்ப வேண்டியதாயிற்று. குறைவான சாமான் அவரை வழிதவற வைக்கவில்லை, கரை சேர்க்கவும் இல்லை. வழி தெரிவது தனி விஷயம்.

கை வைக்காத ஒன்றரைக் கிலோ

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ‘தி மவுண்டனியர்ஸ்’ என்ற பழைய மலையேற்றச் சங்கம் இருக்கிறது. 1930களிலேயே அவர்கள் ‘பத்து அத்தியாவசியங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டுவிட்டார்கள். காலத்துக்குத் தகுந்தாற்போல அது மாறியும் வந்திருக்கிறது. வழி பார்க்கும் சாதனம், தலைவிளக்கு, வெயில் காப்பு, முதலுதவி, கத்தி, தீமூட்ட ஏதாவது, அவசரத்துக்கு ஒதுங்க ஒரு மறைப்பு, அன்றைக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உணவு, தண்ணீர், உடை. இந்தப் பத்திலும் எதையும் விடக் கூடாது, ஒவ்வொன்றையும் எவ்வளவு கனமில்லாமல் கொண்டுபோகலாம் என்பதுதான் விளையாட்டு. இந்த விளையாட்டில்தான் நான் பைத்தியமாகிவிட்டேன்!

ஏன் விடக் கூடாது என்பதற்கு இந்தப் பாதையிலேயே சாட்சி இருக்கிறது. 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. நம் வங்கக் கடல் புயல்தான். அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி அன்னபூர்ணா வட்டாரத்தில் பேய்ப்பனியாகக் கொட்டியது. அக்டோபரில் அங்கே வானம் தெளிந்திருக்கும், நடைப்பயணிகள் நிறைந்திருப்பார்கள். தோரங் லாவைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வெளிநாட்டவரும் இருந்தார்கள், வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கடற்கரையில் புயல் சின்னத்தைப் பார்த்து வளர்ந்த நாம், மலைக்குக் கிளம்பும்போதும் வங்கக் கடலை ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதனால் என் பையில் இருந்தவை: இரண்டு அடுக்குக் கையுறை, உள்ளே மெல்லியது, வெளியே காற்றுப் புகாதது. விரல் விறைத்துப்போனால் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது, அப்புறம் பையில் என்ன இருந்து என்ன பயன்? ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி, மைக்ரோஸ்பைக்ஸ் என்பார்கள், 370 கிராம். அலுமினியப் பூச்சு பூசிய அவசரப் பை ஒன்று, 110 கிராம். உள்ளே புகுந்து உட்கார்ந்தால் காற்றையும் ஈரத்தையும் தடுத்து உடம்புச் சூட்டைத் திருப்பித் தரும். தலைவிளக்கும் மாற்று பேட்டரியும் சேர்த்து 115 கிராம். போனில் டார்ச் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு கையிலும் கம்பு பிடித்து நடக்கும் இருட்டில் போனை எதில் பிடிப்பது? தவிர, குளிரில் போன் பேட்டரி சட்டென்று செத்துவிடும். பவர் பேங்க்கையும் போனையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன்.

குளிர்கண்ணாடி முப்பது கிராம்தான். உயரம் கூடக் கூடப் புற ஊதாக்கதிர் கூடும், அதோடு பனியும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடி இல்லாமல் பனியில் சில மணி நேரம் நடந்தால் கண் மணல் கொட்டினாற்போல உறுத்தி, பார்வையே மங்கிவிடும். விசிலுக்கு எடையே இல்லை. பல பைகளின் நெஞ்சுப் பட்டைக் கொக்கியிலேயே அது இருக்கும், தேடிப் பாருங்கள். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் உதவி வேண்டும் என்று மலையில் அர்த்தம்.

முதலுதவிப் பெட்டி என்று கடையில் விற்பதை வாங்கவில்லை. அதில் பாதி பெட்டியின் எடை. ஒரு ஜிப் கவரில் ஓஆர்எஸ் பொட்டலங்கள், பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கும் அலர்ஜிக்கும் மாத்திரை, கிரேப் பேண்டேஜ், கிருமிநாசினிக் களிம்பு. உயர நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். சல்ஃபா ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும். மாத்திரைப் பட்டையைத் தேவைக்கு வெட்டலாம். ஆனால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தை வெட்டுங்கள். கொப்புளத்துக்கு ஒட்டும் டேப்பை முழுச் சுருளாக எடுக்காமல் ஒரு சின்னப் பென்சிலில் சுற்றிக்கொண்டேன். டேப்பும் ஆச்சு, எழுதவும் ஆச்சு!

பைக்கு மேலே மழையுறை போடுவதைவிட, பைக்கு உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து எல்லாவற்றையும் அதற்குள் வைப்பது எவ்வளவோ மேல். காற்றில் உறை பறந்துவிடும், முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். நனைந்த இறகுப் பை வெறும் ஈர மூட்டை. அறுபது கிராம் பிளாஸ்டிக் அந்த ஆபத்தை ஒழித்துக்கட்டிவிடுகிறது.

தண்ணீரும் கடலைமிட்டாயும்

பையில் இருப்பதிலேயே கனமானது தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ, அதில் பேரமே கிடையாது. ஆனால் வழி தெரிந்தால் குறைக்கலாம். ஊருக்கு ஊர் ஓடையும் குழாயும் இருக்கும் பகுதியில் ஒரு லிட்டருக்கு மேல் சுமக்கவில்லை. சில ஊர்களில் பாதுகாப்பான குடிநீர் நிலையங்களே இருக்கின்றன, நம் பாட்டிலில் நிரப்பித் தருவார்கள், பிளாஸ்டிக் பாட்டில் வாங்கவே வேண்டாம். மற்ற இடங்களில் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருந்தேன். 4,000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ஆனாலும் கிருமி செத்துவிடும், பயம் வேண்டாம். வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதை உறையவிடக் கூடாது. உறைந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. கணவாய் ஏறும் நாளில் மட்டும் இரண்டு லிட்டர் நிறைத்துக்கொண்டேன். அங்கே கை வைத்தால் அது சிக்கனம் இல்லை, அசட்டுத்தனம்.

தின்பண்டத்தில் நம்மவர்களை அடிக்க ஆளே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. மலையில் பார்க்க வேண்டியது ஒரு கிராமுக்கு எத்தனை கலோரி என்பதுதான். மாவுச்சத்து நாலு, கொழுப்பு ஒன்பது. வேர்க்கடலையில் கொழுப்பு, வெல்லத்தில் சர்க்கரை. நூறு கிராம் கடலைமிட்டாயில் ஏறக்குறைய 500 கலோரி! உருகாது, உடைந்தாலும் கெடாது, ஒரு கையால் உரித்து வாயில் போடலாம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய் தோரங் பேடியில் விநியோகமானதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். எங்களோடு வந்த குருங் இனத்து வழிகாட்டித் தம்பி முதலில் ஒன்று வாங்கினான், அப்புறம் கையை நீட்டிக்கொண்டே நடந்தான். ஒரு பொட்டலத்தை மட்டும் பையின் அடியில் கட்டி வைத்திருந்தேன். அது பசிக்கு இல்லை, மாட்டிக்கொண்டால் தின்பதற்கு. தம்பிக்கும் அது தெரியும், அதைக் கேட்கவில்லை.

எடையே இல்லாத பாதுகாப்பு

மலையில் உயிரைக் காப்பதில் பாதிக்கு எடையே கிடையாது, இதுதான் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம்.

முதலாவது, கூடுதல் நாள். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்க வேண்டும் என்பது பொதுவிதி. இப்போது ஜீப் மனாங் வரைக்கும் போகிறது. ஜீப்பில் ஒரே நாளில் ஏறிவிடலாம்தான். உடம்பு அந்த வேகத்துக்கு ஏறாது. நான் கீழிருந்தே நடந்து, மனாங்கில் தங்கி, பகலில் மேலே ஏறி இரவில் கீழே வந்து தூங்கினேன். வானிலை கெட்டால் காத்திருக்கவும் கையில் நாள் வைத்திருந்தேன். ஹுட்ஹுட் மாதிரி ஒன்று வந்தால் எந்தப் பொருளும் செய்யாத உதவியை, விடுதியிலேயே உட்கார்ந்து இஞ்சித் தேநீர் குடிப்பது செய்யும்.

இரண்டாவது, அறிவு. மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் மருத்துவ மையம் இருக்கிறது. பருவகாலத்தில் தன்னார்வ மருத்துவர்கள் இருப்பார்கள், உயர நோய் பற்றிப் பேசுவார்கள். கட்டாயம் போய் உட்காருங்கள். தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடுராத்திரி என்றும் பார்க்காமல் கீழே இறங்க வேண்டும். இந்த நாலு வரி எத்தனை கிராம்?

மூன்றாவது, 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பைச் சேர்த்துத் தரும் காப்பீடு. அதன் நகல் ஒன்று என் பையில், ஒன்று வழிகாட்டியிடம், ஒன்று வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில்.

கணவாய் நாள்

விடியுமுன் கிளம்பினோம். பொழுது ஏற ஏறக் காற்று கிளம்பிவிடும் என்பதால் எல்லோருமே இருட்டில்தான் கிளம்புகிறார்கள். முன்னும் பின்னும் தலைவிளக்குகள் வரிசையாக மேலே ஏறுகின்றன. குளிர் உறைநிலைக்குப் பத்து டிகிரி கீழே. பாட்டிலைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டட்டும், மூடி திறக்க வேண்டுமே. “பிஸ்தாரை, தீதி, பிஸ்தாரை” என்றான் வழிகாட்டி, மெதுவாகப் போங்கள் அக்கா என்று. அடி வைத்து, மூச்சு விட்டு, அடி வைத்து ஏறினேன். கடல்மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் பாதிதான் அங்கே கிடைக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். கழற்றி மாட்டுவதிலேயே பாதி சக்தி போய்விடும். எனக்குக் கழற்றவே தோன்றவில்லை!

உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஆனால் என் பைக்குப் பரீட்சை அதற்கு அப்புறம்தான், இறக்கத்தில். முதல் திருப்பத்திலேயே தடம் முழுக்கக் கண்ணாடியாகப் பனிக்கட்டி. ஓரமாக உட்கார்ந்து மைக்ரோஸ்பைக்ஸை ஷூவில் இழுத்து மாட்டினேன். வெளிக் கையுறையைக் கழற்றி, உள் கையுறையோடு ரப்பரை இழுத்தால் ஒரு நிமிட வேலை. எழுந்து ஓரடி வைத்தேன். ‘கரக்’ என்று பல் பதிந்தது. அடுத்த அடி, ‘கரக்’. எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டு போனார்கள். நான் மாமியார் வீட்டு வாசலில் நடப்பதுபோல நிமிர்ந்து நடந்து போனேன். 370 கிராமை விட்டுவிட்டு வந்திருந்தால் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பேன் என்று யாராவது இப்போது கேட்கட்டும், பார்க்கலாம்.

பனி முடிந்து புழுதித் தடம் வந்ததும், கம்பு இரண்டையும் ஊன்றிக்கொண்டு மளமளவென்று இறங்கினேன். 1,600 மீட்டர் இறக்கத்துக்குப் பிறகும் முழங்கால் ஒரு வார்த்தை முனகவில்லை. முக்திநாத்தில் கோயிலைச் சுற்றி அரைவட்டமாக 108 தாரைகள் கொட்டுகின்றன. ஒவ்வொன்றின் கீழும் தலையைக் கொடுத்துக்கொண்டே ஓட வேண்டும். மூளையே உறையும் தண்ணீர். மறுமுனையில் தமிழ் பேசும் குரல்கள் கேட்டன. காஞ்சிபுரத்திலிருந்து ஜீப்பில் வந்திருந்த ஒரு மாமா, “ஏம்மா, லக்கேஜெல்லாம் ஹோட்டல்ல இருக்கா?” என்று கேட்டார். முதுகைத் திருப்பிக் காட்டினேன்.

நம் ஊர் மலைக்கும்

இதெல்லாம் இமயமலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெள்ளியங்கிரிக்கோ, வனத்துறை 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் ஒன்றுக்கோ போனாலும் கணக்கு அதேதான், பட்டியல்தான் மாறும். மைக்ரோஸ்பைக்ஸுக்குப் பதில் அட்டைக்குக் காலுறையும் உப்பும். இறகு ஜாக்கெட்டுக்குப் பதில் மெல்லிய மழைச்சட்டை. தண்ணீர் மட்டும் கூடுதலாக, வெயிலில் காய்ந்த மேடுகளில் ஓடை இருக்காது. கோடையில் காட்டுத்தீயையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பற்றிய தீயை நாம் மறக்க முடியுமா? அனுமதி பெற்ற பாதையில், வழி தெரிந்தவரோடு, தீக்காலத்தில் வனத்துறை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று இருப்பதும் எடையில்லாத பாதுகாப்பில்தான் சேரும்.

ஆகவே, அடுத்த முறை கிளம்புமுன் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ‘நீ என் வசதிக்கா, என் உயிருக்கா?’ என்று கேளுங்கள். வசதிக்கு என்றால் பாதியாவது வீட்டிலேயே இருக்கட்டும். உயிருக்கு என்றால் யோசிக்காமல் உள்ளே போடுங்கள். வேண்டாததையெல்லாம் கழித்துவிட்ட பையில் அந்த ஒன்றரைக் கிலோ தோளுக்குத் தெரியவே தெரியாது. அதற்கு நான் உத்தரவாதம்!